கட்டாருக்குப் போகாத உன் மகன்

என் ஜெமீலாவுக்கு,

நீ அடங்கியிருக்கும் கபுறடிக்கு வந்து உனக்கு ஸலாம் சொல்ல எங்கள் ஊரில் பெண்களுக்கு வழக்கமில்லை. உன் கணவர் மஜீது மச்சான்தான் வெள்ளிக்கிழமைகளில் போய் வருகிறார். திரும்பும்போது என் வாசலில் ஒரு நிமிடம் நின்று, “செல்லிட்டன் ராத்தா” என்பார். நான் கொடுத்தனுப்பிய ஸலாமை உனக்குச் சொல்லிவிட்டாராம். ஆனால் இந்த முறை நான் சொல்ல வேண்டியதை அவர் வாயில் கொடுத்தனுப்ப முடியாது. அவரைப் பற்றியும் அதில் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன், தங்கச்சி.

முதலில் நல்ல செய்தி. உன் மகன் அஸ்லம் வீட்டுக்கு வந்துவிட்டான். கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. இரவில் நித்திரை கொள்கிறான். கல்முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் வேலை. மாலையில் கை முழுக்கக் கிறீஸ் பூசிக்கொண்டு வந்து, “பெரியம்மா, சோறு இரிக்கா?” என்று கேட்கிறான். அந்த ஐஸ் போதையைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அப்படித்தான் அவன் சொல்கிறான். நானும் அப்படித்தான் நம்புகிறேன். குளியலறையில் அவன் கொஞ்சம் நேரமெடுத்தால் மட்டும் என் காது தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது. இதை நம்பிக்கை என்று சொல்லலாமா?

ஊருக்கு அவன் கட்டாரிலிருந்து வந்தவன். அதைத் தொடங்கி வைத்தது நீதான். அவனைப் புனர்வாழ்வு நிலையத்துக்கு ஏற்றிப்போன வான் தெருமுனை திரும்பும் முன்பே, பக்கத்து வீட்டு மும்தாஜ் வேலியடிக்கு வந்துவிட்டாள். “எங்க டீ, விடியக்காலையில வான்?” என்றாள். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மகன் கட்டாருக்குப் போறான். திடீரெண்டு விசா வந்திட்டு” என்றாய். அழுகைக்கும் அது பொருந்திப் போனது. நம் கடற்கரை ஊர்களில் ஓர் இளைஞன் கொஞ்ச நாள் கண்ணில் படாவிட்டால் கட்டார் என்பார்கள், இல்லாவிட்டால் துபாய் என்பார்கள். யாரும் துருவிக் கேட்பதில்லை.

அன்று இரவு நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “ராத்தா, நான் மௌத்தானாலும் இத வெளிய உடப்படாது. புள்ளைக்கு ஒரு கலியாணம் காட்சி இரிக்கி.” நான் ஓம் என்றேன். அந்த ஓமைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கட்டாரிலிருந்து வந்தவன் வெறுங்கையோடு வரலாமா? மஜீது மச்சான் கல்முனை பஸாரில் சொக்லேட், தைலம், பேரீச்சம்பழம் எல்லாம் வாங்கி வந்தார். நான் உட்கார்ந்து விலைச் சீட்டுகளைக் கிழித்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த கை, நகத்தால் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. அப்படியும் ஒன்று தப்பிவிட்டது. மறுநாள் மும்தாஜ் தைலப் போத்தலோடு படலையடிக்கு வந்தாள்.

“டீச்சர், கட்டாரிலயும் நம்மட கல்முனைக் கடை திறந்திரிக்கான் போல! விலையும் ரூபாயிலதான் போட்டிரிக்கான்.”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தைலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்ததும் அவளுக்குத் தெரிந்திருக்கும். அப்படியென்றால் யாரை ஏமாற்ற இவ்வளவும், ஜெமீலா?

நம் ஊர் இப்போது இந்தப் போதையைப் பற்றித்தான் கதைக்கிறது. விற்பவன் வீட்டுக் கலியாண நிகாஹ்வைப் பள்ளிவாசலில் எழுதுவதில்லை என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நல்லதென்றுதான் நானும் நினைத்தேன். அதற்குள் அஸ்லத்துக்கு ஐஸ் கொடுத்த பையனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. அவனும் எடுப்பவன்தான், தான் எடுப்பதற்காகவே மற்றவர்களுக்கு விற்றவன். அவனுக்குக் கொடுத்தவன் யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியாதாம், அல்லது எல்லாருக்கும் தெரியுமாம். பிடிபட்டவனின் தங்கைக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். அது நின்றுவிட்டது. அந்தப் பையனை நான் மனதார வெறுத்திருந்தேன். இப்போது அவனுடைய தங்கையின் முகம் குறுக்கே வருகிறது. அவள் எதை விற்றாள்?

போன மாதம் பெண்களுக்கு ஒரு கூட்டம் வைத்து என்னைப் பேசச் சொன்னார்கள். உனக்குத்தான் தெரியுமே, எனக்கு உதாரணம் இல்லாமல் வாய் திறக்காது. உன்னைத்தான் உதாரணமாகச் சொன்னேன். சீனி வருத்தம் என்று தெரிந்தும் நோன்பு காலத்தில் எனக்கு ஒளித்து இனிப்பு வட்டிலாப்பம் சாப்பிட்டவள் நீ. டொக்டர் ஏசினார், நான் ஏசினேன். ஆனாலும் உன்னை யாரும் ஒதுக்கவில்லை, மருந்து தந்தோம், திரும்பத் திரும்பத் தந்தோம். இதுவும் ஒரு நோய்தான், விழுந்தவன் திரும்ப விழுவான், திரும்பத் தூக்க வேண்டும் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். உதாரணம் நன்றாக வந்துவிட்டதென்று நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு தாய் கையை உயர்த்தினாள். “டீச்சர், சீனி வருத்தக்காரி வீட்டுக் காஸ் சிலிண்டரத் தூக்கிட்டுப் போய் விக்கிறல்லயே?”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். உன் வீட்டில் காஸ் சிலிண்டர் போனது, பிறகு தண்ணீர் மோட்டர் போனது, நீ வாளியோடு கிணற்றடியில் நின்றது எல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் பகிடிக்குக் கேட்கவில்லை என்று சிரிப்பு அடங்கிய பிறகுதான் எல்லாருக்கும் விளங்கியது.

கூட்டம் முடிந்து அவள் என் பின்னாலேயே வந்தாள். “புடிச்சிக் குடுத்தா மறியல்ல போடுறாங்க. ஊட்டுல வெச்சா ஊடு போகுது. மருந்துக்கு அனுப்புற எண்டா, இடமில்ல, பிந்தி வா எண்டு செல்றாங்க. மறுகா நான் என்னதான் செய்ற டீச்சர்?” என்று கேட்டாள். “உங்கட மகன் இப்ப எங்க?” என்றேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். “துபாயில” என்றாள்.

இனி நீ அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ மௌத்தான நாளைப் பற்றி.

விடியற்காலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நீ போய்விட்டாய். பின்னேரம் அஸர் தொழுகைக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. அஸ்லம் அப்போதும் இருந்த புனர்வாழ்வு நிலையத்துக்கு நான் எடுத்துக் கதைத்தேன். அவர்கள் நல்ல மனிதர்கள். ஒரு ஆளையும் கூட அனுப்பி, அஸ்லத்தை அஸருக்கு முன் கொண்டுவந்து சேர்க்கிறோம் என்றார்கள். நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே மஜீது மச்சானிடம் சொன்னேன். அவர் குசினிப் பக்கம் என்னைக் கூப்பிட்டார். முற்றத்தில் கதிரை போட்டுச் சனம் கூடிவிட்டிருந்தது.

“கட்டாரில இரிக்கிறவன் அஸருக்கு முந்தி எப்பிடி வந்து நிப்பான், ராத்தா? சனம் யோசிக்காதா?”

“அவன் உம்மாட முகத்தப் பார்க்க வேணாமா?”

“பார்க்கத்தான் வேணும். ஆனா அவள் உங்களுக்கிட்டயும் என்னக்கிட்டயும் என்ன செல்லிட்டுப் போனாள்? அவள்ற சொல்ல அவள் மையித்தா கிடக்கக்குள்ளயே உடைக்கவா?”

சொல்லிவிட்டு அவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். ஜெமீலா, அந்த மனிதரை எப்படிக் குறை சொல்வேன்? நீ கேட்டதைத்தான் அவர் செய்தார். உன்னை அடக்க மட்டும் நாங்கள் அவசரப்பட்டோம், உன் மகனை மட்டும் இப்போது அனுப்ப வேண்டாம், பொறுக்கட்டும் என்று நிலையத்துக்குச் சொன்னோம். உன்னைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கியவர்களில் உன் வயிற்றில் பிறந்தவன் இல்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாய்?

அவன் அங்கே என்ன செய்தான் என்று பிறகுதான் சொன்னான். புறப்பட வாசலுக்கு வந்தவனைத் திருப்பிவிட்டார்களாம். பிறகு, தூரத்தில் இருப்பவர்கள் தொழும் ஜனாஸாத் தொழுகையைத் தனியாகத் தொழுதானாம். அந்த மண்டபத்தில் வேறு முஸ்லிம் பிள்ளை இருக்கவில்லை. அவனோடு அறையில் இருந்த தம்பிலுவில் ஊர்த் தமிழ்ப் பிள்ளை ஒருவன் முறை தெரியாமல் பின்னால் வந்து கைகட்டி நின்றானாம். தொழுது முடியும்வரை அசையவில்லையாம்.

இப்போது கலியாணத்துக்கு வருகிறேன். நீ ஆசைப்பட்ட அதே கலியாணம். வரிப்பத்தான்சேனையில் ஒரு வயல்காரக் குடும்பம். நல்ல மனிதர்கள். மூத்த மகளுக்கு நம் வழக்கப்படி வீடு கட்டி, கூரையும் போட்டு முடித்துவிட்டார்கள். கட்டாரிலிருந்து வந்த பிள்ளை, டீச்சர்மார் குடும்பம் என்று தரகர் சொல்லியிருக்கிறார். பெண்ணின் தாய் சரீனா என்பவர், ஆண்கள் பேசி முடிக்கும் முன்பு தனியாக என்னைப் பார்க்க வந்தார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டே, கட்டாரில் என்ன வேலை, எவ்வளவு காலம் என்று கேட்கப் போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். பொய்யை ஒழுங்காகச் சொல்ல மனதுக்குள் ஒத்திகையும் பார்த்தேன்.

அவர் கட்டாரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“டீச்சர், ஒண்டு கேட்டா கோவிக்கப்படாது. ஒங்கட தங்கச்சி மௌத்தானத்துக்கு இந்தப் புள்ள வரல்லயாமே? ரோட்டுல ரெண்டு பேர் செல்லிட்டாங்க. எங்கட ஊரு சவூதிப் பொடியனெல்லாம் உம்மா மௌத்தெண்டா மூணாம் நாளாவது வந்து நிக்கிறானுகள். வர ஏலாதவன் போனிலயாவது பார்த்து அழுவான். இவன் நாப்பதாம் நாளுக்கும் வரல்லயாம். உம்மாட மௌத்துக்கு வராத புள்ள எங்கட புள்ளைய வெச்சிப் பார்ப்பானா?”

அவன் பேர் கெடக்கூடாதென்று நீ சொன்ன பொய் இருக்கிறதே, அதுதான் அவன் பேரைக் கெடுத்து வைத்திருக்கிறது. உண்மையைச் சொன்னால் இந்தக் கறை போய்விடும். ஆனால் வேறொன்று ஒட்டிக்கொள்ளும். எது பெரியது? ஐஸ் எடுத்தவன் என்பதா, உம்மாவின் மையித்துக்கு வராதவன் என்பதா? அவர் பக்கமும் யோசித்தேன். கட்டி முடித்த வீட்டையும் மகளையும் கொடுக்கப் போகிற தாய் அவர். தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை இல்லையா? உன் மகனுக்கு மட்டுந்தானா நான் பெரியம்மா?

“வெள்ளிக்கிழமை நான் உங்கட ஊட்ட வாறன். அண்டைக்குச் செல்றன்” என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அஸ்லம் வந்ததும் சோற்றைப் போட்டுவிட்டு நடந்ததைச் சொன்னேன். வேண்டாம், அந்தச் சம்பந்தத்தை விடுங்கள் என்று சொல்வான் என்றுதான் நினைத்தேன். அவன் பிசைந்த சோற்றைத் திரும்பச் சோற்றுக் கோப்பையில் வைத்தான்.

“பெரியம்மா, ஐஸ் அடிச்சவன் எண்டு செல்லட்டும். அது நான்தான். உம்மாட மௌத்துக்கு வராதவன் எண்டு ஆரும் செல்லப்படாது.”

“செல்லிட்டா மறுகா ஊரெல்லாம் தெரியும், மகன்.”

“ஊருக்குத் தெரியாதெண்டு நீங்க மட்டுந்தான் நினைச்சிட்டு இரிக்கிறீங்க. கராஜில என்னக் கூப்பிடுறதே கட்டார் எண்டுதான். சிரிச்சிச் சிரிச்சித்தான் கூப்பிடுறானுகள்.”

“இனி எடுக்கமாட்டன் எண்டு அந்தத் தாய்க்கு வாக்குக் குடுப்பியா?”

“இண்டைக்கி எடுக்கல்ல. நாளைக்கிக் கேட்டாங்க எண்டா நாளைக்கிச் செல்றன். அதுக்கு மேல செல்ல எனக்குப் பயமா இரிக்கி” என்றான்.

இப்படிச் சொல்கிற மாப்பிள்ளைக்கு எந்தத் தாய் மகளைக் கொடுப்பாள்? நான் கொடுப்பேனா? உண்மையாக எனக்குத் தெரியாது, ஜெமீலா. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பெறுபேறு போட்டவள் நான். இந்தப் பிள்ளைக்கு மட்டும் என்ன போடுவதென்று தெரியவில்லை.

மஜீது மச்சானிடம் சொன்னபோது அவர் முகம் கறுத்துவிட்டது. “அவள்ற சொல்ல உடைக்கப் போறீங்க” என்றார். இரண்டு நாள் என் வாசலுக்கு வரவில்லை. இன்று மாலை வந்து படலைக்கு வெளியே நின்றபடி, “வானுக்குச் செல்லிட்டன். நானும் வாறன். ஆனா நான் கதைக்கமாட்டன், ராத்தா” என்றார். அதற்கு என்ன பொருளென்று எனக்கு முழுதாக விளங்கவில்லை. வருகிறார் என்பதே போதுமென்று விட்டுவிட்டேன்.

இதை அச்சுக்குக் கொடுக்கலாமா என்று உன் மகனிடம்தான் கேட்டேன். எங்கள் தெருவிலேயே இன்னும் எத்தனை கட்டாரும் துபாயும் இருக்கிறதோ, அந்த வீடுகளில் யாராவது வாசிக்கட்டும் என்றேன். அதுவரை எழுதியதை அவன் முழுதும் வாசித்தான். தன் பெயரை மாற்றச் சொல்லவில்லை. “உம்மாட பேரையும் மாத்தாதீங்க” என்றான்.

நாளை வெள்ளி, ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வரிப்பத்தான்சேனைக்குப் போகிறோம். இது அச்சில் வரும்போது அவர்கள் ஓம் என்றிருக்கலாம், தேநீர் தந்து நல்ல மரியாதையோடு அனுப்பியும் இருக்கலாம். உனக்குச் சொன்ன ஓமை நான் மீறுகிறேன். நீ கோபிப்பாயா, பெருமூச்சு விடுவாயா என்று கண்டுபிடிக்க எனக்கு வழியில்லை. அதற்குப் பதிலாக வேறொரு வாக்குத் தருகிறேன். இனி யார் கேட்டாலும், அந்தத் தாய் மகளைத் தந்தாலும் தராவிட்டாலும், அவன் நாளை திரும்ப விழுந்தாலும்கூட, நான் சொல்லுவேன்: உன் சந்தூக்கைத் தூக்க உன் மகன் செருப்பைக் கூட மாட்டாமல் நிலையத்து வாசலில் வந்து நின்றான். நாங்கள்தான் வரவேண்டாம் என்றோம்.

உன் துஆவை எதிர்பார்க்கும்,
உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த
ராத்தா