கல்லறையில் விட்டுப்போன குடை

மரக்காணம்,
7.11.2005

அன்பு மகளுக்கு,

இங்கே நல்ல மழை. உப்பளமெல்லாம் ஏரியாகக் கிடக்கிறது. கல்லறைத் திருநாளன்று அம்மாவின் கல்லறையில் உன் குடையை விட்டுவிட்டுப் போய்விட்டாய். கொடுக்கலாமென்று நேற்று உன் ஊர் கிளியனூர் வரை வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கவில்லை.

அன்று பைபிளில் மக்கபேயர் ஆகமத்தை நான் வாசித்தது அம்மாவுக்காக இல்லை. இறந்தவர்களுக்காக மன்றாடுவது நல்லது என்ற வரியை உன்னைப் பார்த்துத்தான் உரக்கப் படித்தேன்.

"நான் இப்பப் போற சபை பைபிள்ல அந்தப் புஸ்தகமே இல்லப்பா. 'இன்னைக்கே என்னோட பரதீசுல இருப்பே'ன்னு சிலுவையில ஆண்டவர் கள்ளன்கிட்டயே சொன்னாரே. அம்மா மட்டும் எதுக்குப் பாவம் தீர உத்தரிக்கிற ஸ்தலத்துல காத்துக் கிடக்கணும்?" என்று நீ மெதுவாகத்தான் கேட்டாய்.

நான்தான் சொந்தக்காரர்கள் முன்னால், "பெத்தவளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தாதவளுக்கு இங்க என்ன வேலை? போ!" என்று கத்தினேன்.

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. ஆனாலும் நீ குடையை விரித்துக் கடல் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தாய். ஊராரிடமிருந்து முகத்தை மறைக்கிறாய் என்றுதான் நினைத்தேன். நான் கத்தியதும் அதை மடக்கிக் கீழே வைத்துவிட்டு நடந்தாய்.

நீ கல்லறைத் தோட்டத்து வாசலைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் கடற்காற்று அடித்து நான் ஏற்றிய மெழுகுவர்த்தி அணைந்துவிட்டது. திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்த்தேன் மகளே, சுடர் நிற்கவே இல்லை.

உன் முகத்தில் விழிக்கக் கூசும்,
அப்பா