வால் முளைத்த சொற்கள்

10-3-1946, ஞாயிறு

எங்கள் தெருவுக்கு இன்று மின்விளக்கு வந்தது. என் மானம் போனது. வெளிச்சம் நன்றாக இருந்ததால் போனது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

தெருவிலேயே இரண்டாவது பாரம், அதாவது ஏழாம் வகுப்பு வரை படித்த நெசவாளி நான் ஒருவன். வரவேற்புரையை இங்கிலீஷில் வாசிக்க என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். 'எலக்ட்ரிக்' எனக்குத் தெரியும். அதன் பின்னால் ஓர் 'இட்டி' ஒட்டியிருந்தது. ஒட்டியதை ஒட்டியபடியே வாசித்தேன் — எலக்ட்ரிக்கிட்டி. ஒவ்வொரு தடவையும், விளக்கைப் போட்டுவைக்க வந்திருந்த இஞ்சினீயர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். சளி என்று நினைத்தேன்.

"நம்ம பாலையா அவுக வாசிச்சா தொரையே வாசிச்ச மாதிரில்ல இருக்கு!" என்றார் பக்கத்து வீட்டு மாரிச்சாமி. தெரு கைதட்டியது. என் மகள் பாலாமணி மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

11-3

கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எலக்ட்ரிசிட்டி, அப்பா. வால் சேந்தா முன்னால உள்ள சத்தம் மாறிரும். சௌந்தரம் டீச்சர் சொன்னாக."

"இதை முந்தியே சொல்லக் கூடாதா?"

"நீங்கதான எனக்கு அப்பிடிச் சொல்லிக் குடுத்தீக."

எட்டாவது தேறிய பிள்ளை. இத்தனை வருஷமாக என்னவெல்லாம் ஊட்டிவிட்டேனோ!

17-3

யோசித்துப் பார்க்கிறேன். 'நெஸ்', 'லெஸ்' இரண்டும் நல்ல விருந்தாளிகள். வருவார்கள், ஓரமாக உட்காருவார்கள், வீட்டில் ஒரு சாமானும் அசையாது. இந்த 'இட்டி', 'இக்', 'அல்', 'இயன்' இருக்கிறார்களே — சம்பந்தி வீட்டார். நுழைந்ததும் கட்டிலை நகர்த்து, அடுப்பை மாற்று. மியூசிக் என்று நிம்மதியாக இருந்தவன் பின்னால் ஒரு வால் முளைத்ததும் மியூசிஷன் ஆகிவிடுகிறான். 'க்' எங்கே போனது? யாரிடம் கேட்பது?

வெள்ளைக்காரன் புத்தி என்றேன். பாலாமணி சிரித்தாள். "நாம மட்டும் என்ன, மரமைன்னா சொல்றோம்? மரத்தைன்னுதான சொல்றோம்?"

ஐம்பது வருஷமாக மரத்தை மரத்தை என்று சொல்லியிருக்கிறேன். 'ம்' காணாமல் போனது தெரியவில்லை.

24-3

மல்லாங்கிணற்றிலிருந்து மைத்துனர் சென்னய்யா வந்தார். தன் மகன் சௌடையாவுக்குப் பாலாமணியைக் கேட்கிறார். மதுரையில் வாத்தியார் பயிற்சிப் பள்ளிக்கு அவள் மனுப் போட்டிருப்பதைச் சொன்னேன்.

"பொம்பளப் பிள்ள வாத்திச்சி வேலைக்கா? மாப்ள, ஒங்களுக்குக் கரண்டு தலைக்கு ஏறிருச்சு."

பேசி முடித்தது இது: மே மாதம் ஆள் எடுக்கிறார்கள். இடம் கிடைத்தால் போகட்டும். கிடைக்காவிட்டால் ஆவணியில் கல்யாணம். பாலாமணி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

7-4

சௌந்தரம் டீச்சரிடம் அவள் கேட்டு வந்தது: வால் மாறினால் எழுத்து மட்டுமல்ல, அடியும், அதாவது அழுத்திச் சொல்கிற இடமும், மாறுமாம். ஃபோட்டோகிராஃப் — முதலெழுத்தில் அடி. ஃபொட்டாகிராஃபி — இரண்டாவதில். ஃபோட்டோகிராஃபிக் — இன்னும் பின்னால். எங்கள் வீட்டு இங்கிலீஷுக்கு எல்லா எழுத்தும் ஒரே அடி. தறிக்காரன் இங்கிலீஷ் வேறெப்படி இருக்கும்?

சட்டென்று ஒரு யோசனை. தறியிலேயே பழகினால் என்ன? ஓர் எழுத்துக்கு ஓர் இழை. அழுத்த வேண்டிய எழுத்துக்கு, இழையை நெருக்குகிற பலகையை ஓங்கி ஓர் அடி. நான் நெய்ய, அவள் பக்கத்தில் நின்று சொல்ல — அருமையாக வந்தது! எனக்கே வந்தது!

14-4

அழிந்தேன்.

சேலையை வியாபாரி தங்கசாமி வெளிச்சத்தில் பிடித்தார். ஓங்கி அடித்த இடமெல்லாம் நெருக்கம், மெல்ல அடித்த இடமெல்லாம் சல்லடை. மேலிருந்து கீழ்வரை பட்டை பட்டை.

"என்ன பாலையா, காச்சலோட நெஞ்சீகளா?"

இங்கிலீஷோடு நெய்தேன் என்று எப்படிச் சொல்வது? பங்கீட்டுக் கூப்பனோடு வரிசையில் நின்று வாங்கிய நூல். என் மனைவி பஞ்சம்மாள் வாசலில் நின்று தமிழில் கத்தினாள். வீட்டுக்குள் சண்டையென்றால் எங்கள் தாய்மொழியான கன்னடம்தான். தெருவுக்கும் புரிய வேண்டுமென்றால் தமிழுக்கு மாறிவிடுவாள். "அப்பனும் மகளும் படிச்சுக் கிழிச்சது போதும்! எங்க அண்ணனுக்கு இன்னைக்கே ஆள் விடுறேன்!"

பாலாமணி அந்தச் சேலையை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இருக்கட்டும். கட்டிக்கிருவேன்."

18-5, சனி

மதுரை போய் வந்தோம். இடம் கிடைத்தது. களைப்பு. நாளை எழுதுகிறேன்.

20-5

நேற்று எழுதவில்லை. எழுதப் பிடிக்கவில்லை.

தேர்வு அறைக்குள் பாலாமணி, வெளியே சன்னலோரம் நான். ஒரு பக்கம் வாசித்தாள், ஆறு ஓடுவது போல. கடைசியில் வந்தது 'நேஷனல்'. நேஷனுக்கு வால் வந்தால் அந்த 'நே' பாதி 'நா'வாகிவிடும், முறுக்குக் கடிக்கிற மாதிரி வாயைத் திறக்க வேண்டுமாம். பயத்தில் பிள்ளைக்குப் பழைய பாடம் வந்துவிட்டது. நான் ஊட்டிய 'நே'. அப்படியே.

உள்ளே இருந்த அம்மாள் சிரித்தார். "இப்படிச் சொல்ல யார் கற்றுக்கொடுத்தது? வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் இருக்கிறாரா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தேன். கூப்பிட்டால் போக வேண்டுமே!

"நோ, மேடம்," என்றாள் பாலாமணி. "மை ஃபாதர் டஸ் நாட் நோ இங்கிலீஷ்."

அந்த அம்மாளின் குரல் இளகிவிட்டது. சொல்லித்தர நாதியில்லாத வீட்டிலிருந்து வந்து இவ்வளவு வாசிக்கிறாயா, பாவம், என்றார். பெயரைச் சேர்த்துக்கொண்டார்.

நாதி சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. துண்டு போட்டுக்கொண்டு.

26-5

மைத்துனர் வந்தார், போனார். காப்பி குடிக்கவில்லை.

2-6

தெரு முழுக்க ஒரே பாராட்டு. "அப்பன் இங்கிலீசு மகளுக்கு அப்பிடியே எறங்கிருச்சு," என்கிறார் மாரிச்சாமி. தலையாட்டிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

17-6, திங்கள்

காலை பஸ்ஸுக்கு ஏற்றிவிட்டேன். பட்டை விழுந்த அந்தச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். டிரைவர் வண்டியைக் கிளப்பியபோது சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அப்பா, அன்னைக்கு உள்ள நான் சொன்னது... ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"எங்க கேட்டது? வாசல்ல வண்டிச் சத்தம். நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல." முகம் தெளிந்துவிட்டது.

கேட்டது, மகளே. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. ஒரு பிழை இல்லை. எதை ஓங்கி அடிக்க வேண்டுமோ அதைச் சரியாக அடித்தாய் — அந்த 'நாட்'டை.