பத்திரத்தை வாசித்துக் காட்டியது நான்

கல்முனை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகன் இன்பாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் வாப்பாவும் தங்கச்சி றுஸ்தாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் டோஹாவில் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன். மூன்று கிழமையாக உன் அழைப்பை நான் எடுக்கவில்லை, எழுதவும் பிந்திவிட்டது. போனில் கதைத்தால் நீ அழுவாய், நான் இளகிப்போவேன், அதற்குப் பயந்துதான் போனை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். லீவு முடிந்து ஞாயிறன்று அங்கே திரும்பும் பக்கீர் முகைதீன் மாமாவின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

சனங்களிடம் காசு சேர்த்த அந்தக் கிரிப்டோ கம்பனி மூடப்பட்டது உனக்குத் தெரியும், இங்கே என்ன நடந்தது என்பது தெரியாது. நோன்புக்கு முந்தி நீ அவர்களுடைய பதிவுப் பத்திரத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, ஒழுங்கையில் உள்ளவர்களுக்கும் காட்டுங்கள் என்றாய். இங்கே யாருக்கு இங்கிலீஷில் கடிதம் வந்தாலும், ஆஸ்பத்திரித் துண்டு என்றாலும், என்னிடம்தான் வரும். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்று, உன்னை மடியில் போட்டுக்கொண்டு கம்பஸ் பட்டத்துக்குப் படித்தவள் என்று அவர்களுக்கு என்னில் ஒரு மதிப்பு. பக்கத்து வீட்டு ஹவ்வா உம்மா மாமி போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கவுண்மெந்துல பதிஞ்சிரிக்கா புள்ள, அத மட்டும் செல்லு” என்று கேட்டார். பதிந்திருந்தது, முத்திரையும் இருந்தது, “ஓம் மாமி, பதிஞ்சிரிக்கி” என்றேன். “கொம்பியூட்டர் தோண்டுது, காசு வருது எண்டு செல்றாங்க, எங்க புள்ள தோண்டுது, மண்ணுக்குள்ளயா?” என்று கேட்டுச் சிரித்தார். எனக்கும் பதில் தெரியாது, நானும் சேர்ந்து சிரித்தேன். அது வியாபாரப் பெயரைப் பதிந்த பத்திரம் மட்டும்தான் மகன், சலூனுக்கும் பலசரக்குக் கடைக்கும் கொடுக்கிற அதே பத்திரம். சனங்களிடம் காசு சேர்க்க மத்திய வங்கியின் அனுமதி வேண்டும், கிரிப்டோவுக்கு அப்படி ஒருவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று வங்கிக்காரர்கள் பத்திரிகையில் அறிவித்தல் போட்டுக்கொண்டே இருந்தார்களாம். இனிமேல்தான் சட்டம் வரப்போகிறது என்றும் கதைக்கிறார்கள், வந்து யாருக்கு என்ன. அந்த அறிவித்தலை வாசிக்காமல் நீ அனுப்பியதை வாசித்தேனே, அதுதான் என்னைத் தின்கிறது.

தன் மகள் நஸ்லியாவுக்குக் கட்டுகிற வீட்டின் கூரைக்கு வைத்திருந்த காசைத்தான் ஹவ்வா உம்மா மாமி அதில் போட்டார். நம் ஊரில் வீடு கொடுக்காமல் ஒரு பிள்ளையின் நிகாஹ் நடக்குமா? சுவர் எழும்பியதோடு வெயிலில் வெடித்துக் கிடக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பார்ப்போம் என்று சொல்லிப் போன பாலமுனை மாப்பிள்ளை வீட்டார், பெருநாள் போய் இத்தனை நாளாகியும் ஆள் அனுப்பவில்லை. கிரிப்டோ சூது, ஹராம் என்று மௌலவி ஜும்ஆவில் சொன்னபோது தலையாட்டியவர்களில் பாதிப்பேர் முன்பு நம் வாசலில் நின்று எங்களையும் சேர்த்துவிடுங்கள் என்று கெஞ்சியவர்கள். மீன் வாங்கப் போன இடத்தில் மூன்றாம் வீட்டுக்காரி, “தோண்டித் தோண்டி எடுத்தவங்களுக்கு என்னத்துக்குக் கீரி மீன், வெல கூடின பாரை வாங்குங்களன் ராத்தா” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். வாப்பா நம் பள்ளியை விட்டுவிட்டு சைக்கிளில் அடுத்த பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வருகிறார், ஏன் என்று நான் கேட்பதில்லை. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போகுமுன் ஹவ்வா உம்மா மாமி நேரே என்னிடம் வந்தார். “ஒன்ட பேரையும் செல்லத்தான் வேணும் புள்ள, கோவிப்பியா?” என்று கேட்டார். சொல்லுங்கள் மாமி என்றேன். அவர் சத்தம் போட்டு ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வருகிற வியாழன் காலை பத்து மணிக்கு என்னை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போனை நிறுத்துமுன் நீ கடைசியாக அனுப்பிய குரல் பதிவைப் பல தடவை கேட்டேன். “உம்மா, மெசேஜ் எல்லாத்தையும் அழிச்சிருங்க, ஒண்டும் தெரியாது எண்டு செல்லுங்க” என்கிறாய். ஒவ்வொரு ஆளைச் சேர்க்கும்போதும் உனக்குக் கொமிஷன் வந்ததை நீ சொல்லவில்லை, வெளியாள் சொல்லித்தான் அறிந்தேன். உன்னையும் ஏமாற்றிவிட்டார்கள் என்கிறாய், நம்பத்தான் ஆசைப்படுகிறேன், ஆனால் ஏமாந்தவன் எதற்கு மகன் அழிக்கச் சொல்லுகிறான்? நான் ஒன்றையும் அழிக்கவில்லை. போனையும் கொண்டுதான் போவேன். வாசித்துக் காட்டியது நான் என்று முதலில் சொல்லுவேன், அனுப்பியது யார் என்று கேட்டால் உன் பெயரைச் சொல்லுவேன். காரைதீவில் ஒரு சட்டத்தரணியிடம் கேட்டேன், நான் சொல்லுமுன் நீயாகவே தூதரகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தால் அது உனக்கு நல்லது என்றார். உன்னைச் சேர்த்தவன் பெயர், திகதி, உன் கைக்கு வந்தது, எல்லாவற்றையும் உள்ளபடி எழுது, அவன் உன் கூட்டாளி என்று பார்க்காதே. வேலையிடத்தில் லீவு தராவிட்டால் சம்பளத்தை வெட்டச் சொல்லிவிட்டுப் போ. உன் அறையில் இருக்கும் பொத்துவில் பிள்ளைகளை இதற்குள் இழுத்திருந்தால் அவர்களிடமும் இன்றைக்கே உண்மையைச் சொல். பசியோடு படுக்காதே, சுபஹுத் தொழுகையை விடாதே.

அல்லாஹ் உனக்கு உண்மை சொல்லும் நெஞ்சையும் ஹலாலான உழைப்பையும் தரட்டும், நீ எந்த நிலையில் திரும்பி வந்தாலும் கதவைத் திறப்பது நானாகத்தான் இருப்பேன். பக்கீர் முகைதீன் மாமா திங்கட்கிழமை உன்னிடம் தருவார், உன் கையில் இருப்பது செவ்வாயும் புதனும்தான். நான் சொன்ன பத்து மணி இலங்கை நேரம், அங்கே காலை ஏழரை, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் உம்மா
சுல்பிகா