இரண்டு கை இருப்பதாக நினைத்த கணினி

இன்று காலை அலுவலக மண்டபத்தில், புதிதாக லினக்ஸ் போட்ட கணினி ஒன்றின் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துணி ஷிப்ட் விசையின் மேல் திரும்பத் திரும்பப் போய்வந்ததில் திரையில் ஒரு சிறு பெட்டி திறந்தது. ஒட்டு விசைகளை இயக்கவா என்று கேட்டது.

கணினிகளைச் சீர்செய்ய வந்திருந்தவர் எட்டிப் பார்த்தார். "அது தேவையில்லாத ஒண்டு மிஸ். எல்லா மெசினிலயும் நிப்பாட்டி விடுறன். ஆரும் பாவிக்கிறல்ல."

அவரைக் குறைசொல்ல முடியாது. உன்னை அவருக்குத் தெரியாது. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. "கொஞ்சம் பொறுங்க, ஒண்டையும் நிப்பாட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் நாம் படித்துக்கொண்டிருந்தபோதுதான் செங்கலடிச் சந்தியில் அந்த ஆட்டோ புரண்டது. உன் வலக்கை அதன்பின் எழவேயில்லை. இடக்கையால் எழுதப் பழகி, பரீட்சை எழுதி, என்னைவிட நல்ல பெறுபேறும் எடுத்தாய். பிறகு இருவரும் இந்த அலுவலக வேலைக்கு விண்ணப்பித்தோம். தட்டச்சுப் பரீட்சை இதே மண்டபத்தில்தான் நடந்தது.

நீ சலுகை எதுவும் கேட்கவில்லை. ஒட்டு விசையைப் போட்டுவிடுங்கள் என்று மட்டும் கேட்டாய். ஷிப்டை ஒருமுறை அமத்திவிட்டால் அடுத்த எழுத்து விழும்வரை அது பிடித்தே நிற்கும். ஒரு கைக்காரிக்கு அது போதும். பரீட்சைக்குப் பொறுப்பாக நின்ற அதிகாரி முடியாதென்று தலையாட்டினார். "அதெல்லாம் மாத்த ஏலா தங்கச்சி. எல்லாருக்கும் ஒரே மெசின், ஒரே சட்டம்."

நான் எழும்பிக் கேட்டேன். "உங்கட பேப்பரையும் பறிச்சிருவன், இரிங்க" என்றார். நீயோ முகம் குனிந்து, ஷிப்ட் விசையை நாடியால் அமத்திக்கொண்டு, இடக்கையால் அடிக்கத் தொடங்கினாய். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தமிழில் பாதி எழுத்துக்கு ஷிப்ட் வேண்டும். குனிவதும் நிமிர்வதுமாக நீ அடித்தாய். உன் நாடி சிவந்துபோனது. நேரம் முடிந்தபோது உனக்குக் கடைசிப் பந்திதான் மிச்சம். அதற்காகத்தான் உன்னைத் தள்ளினார்கள்.

எனக்கு வேலை கிடைத்தது. போகமாட்டேன் என்று நின்றேன். நீதான் ஏசினாய். "விசரா கா உனக்கு? நீ போ. உள்ளுக்கு ஒராள் இரிக்க வேணும்."

அந்த வாரமே நாவற்குடாவில் உன் வீட்டில், உன் அண்ணன் தூக்கிப்போட்டிருந்த பழைய லெப்டொப்பில் லினக்ஸ் போட்டாய். வாவிக் காற்று யன்னலால் வந்துகொண்டிருந்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்த உன் அம்மாவோடு நான் குசினியில் நின்றேன். உன் சத்தம் கேட்டு ஓடிவந்தால், திரை முழுக்க வெறும் கட்டங்கள். தமிழ் எழுத்துரு ஏறவில்லை. வைபையும் பிடிக்கவில்லை. உன் போனை வயரால் கொளுவி, அதிலிருந்து இணையம் எடுத்து ஒவ்வொன்றாக இறக்கினோம். கட்டங்கள் எழுத்தாக மாறிய உடனே நீ வேலையைத் தொடங்கிவிட்டாய். அடிக்கடி தேவைப்படும் கட்டளைகளையெல்லாம் இடக்கை எட்டும் விசைகளுக்கு மாற்றினாய். திரையின் மேலே கிடந்த பட்டையை ஓரத்துக்குத் தள்ளினாய். ஒட்டு விசையைப் போட்டு, முதல் வரியை அடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒட்டு விசை தானாக நின்றுபோனது. திரும்பப் போட்டாய். திரும்ப நின்றது. கணினியை அணைத்துப் போட்டோம், புதிதாக வந்த திருத்தங்களையெல்லாம் ஏற்றினோம், வேறு விசைப்பலகை கொளுவிப் பார்த்தோம். இணையத்தில் கேட்டதற்கு, இந்த வசதி உங்களுக்கு எதற்கு என்று ஒருவன் திருப்பிக் கேட்டான். அவனுக்கு நான் எழுதிய மறுமொழியை நீ அனுப்ப விடவில்லை.

கடைசியில் நீதான் கண்டுபிடித்தாய். லெப்டொப் அசையாமலிருக்க உன் வலக்கையைத் தூக்கி அதன் ஓரத்தில் வைத்திருந்தாய். இடக்கை ஷிப்டை அமத்துகையில் அந்த விரல்கள் சரிந்து வேறொரு விசையில் படும்போதெல்லாம் ஒட்டு விசை நின்றது. அமைப்புகளுக்குள் போய்த் தேடினால், இரண்டு விசைகளை ஒன்றாக அமத்தினால் இதை நிறுத்திவிடு என்று ஒரு சரி அடையாளம் முன்கூட்டியே போட்டிருந்தது.

"பாருகா," என்று சிரித்தாய். "இதுவும் எனக்கு ரெண்டு கையும் நல்லா இரிக்கெண்டு நினைக்குது."

அந்த அடையாளத்தை எடுத்துவிட்டாய். பிறகு அது நிற்கவேயில்லை. அந்த லெப்டொப்பில்தான் செங்கலடி அச்சகத்துக்குக் கலியாணக் கார்டும் கோயில் விழா மலரும் அடித்துக்கொடுத்தாய். அவசர வேலையென்றால் அச்சகத்தில் உன்னைத்தான் தேடினார்கள்.

போன மாரியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. செத்தவீட்டுக்கு என் அலுவலகத்தாரோடு எங்கள் அதிகாரியும் வந்தார். உன்னைத் தள்ளிய அதே மனிதர். "பாவம், கை ஏலாத புள்ள. கஷ்டம் முடிஞ்சிது" என்று யாரிடமோ சொன்னார். என்ன கஷ்டம்? உன் கையா உனக்குக் கஷ்டம் தந்தது? உன் அம்மாவின் முகத்துக்காக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

இன்று மூடவில்லை. நேரே அவர் அறைக்குப் போனேன். அடுத்த வாரம் மறுபடியும் தட்டச்சுப் பரீட்சை. ஒட்டு விசை எல்லாக் கணினியிலும் இருக்க வேண்டும் என்றேன்.

"ஆராவது கேட்டா அப்ப பாப்பம் மிஸ்."

"கேட்டவ சேர். இந்த ஹோலுக்குள்ள உங்களிட்டத்தான் கேட்டவ. நீங்க ஏலா எண்டீங்க. நாடியால அமத்தி அடிச்சவ. நீங்க பாத்துக்கொண்டு நிண்டீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஆரு அது?"

நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு ஞாபகமில்லை. உன் செத்தவீட்டில் சோடா குடித்துவிட்டுப் போன மனிதருக்கு, உன்னைத் தள்ளியது தான்தான் என்பது தெரியாது. உன் பெயரைச் சொன்னேன். கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, ஒரு மெசினில விடுங்க" என்றார்.

நான் எல்லாவற்றிலும் விட்டிருக்கிறேன். சீர்செய்ய வந்தவரை அருகில் இருத்தி, அந்தச் சரி அடையாளத்தையும் ஒவ்வொன்றாக எடுக்க வைத்தேன். ஏன் என்று கேட்டார். உன் கதையைச் சொன்னேன். மற்றக் கணினிகளுக்கு அவராகவே எழும்பிப் போனார்.

உன்னை நினைத்தால் மற்றவர்களுக்கு அழுகை வருகிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது, அதை ஆறவிடும் எண்ணமும் இல்லை. அடுத்த வாரம் மண்டப வாசலில் நான் நிற்பேன். உள்ளே போகும் ஒவ்வொருவரிடமும், உங்களுக்கு மெசினில் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்பேன். அவர் வந்து தடுத்தால், அவருக்கு முன்னாலேயே அடுத்த ஆளிடம் கேட்பேன்.