பதினேழாவது ஆரோக்கியமான பெண்

பிப்ரவரி 3, 2025 – தருமபுரி

கதிரவன் சார் இன்று மறுபடியும் மீட்டிங் போட்டார். ‘ஹார்மோன் என்பது கடிதம், செல் என்பது வீட்டு முகவரி’ என்று ஆரம்பித்தார். என் கைடாக வந்த நாளிலிருந்து அதே கடிதம், அதே முகவரி. இந்த மனிதர் கடைசியாக ஒரு ரத்த ட்யூபைக் கையில் பிடித்தது எப்போது என்று அவருக்கே ஞாபகம் இருக்காது.

எங்கள் ஆய்வு இதுதான்: சினைப்பையில் நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு ஆண் ஹார்மோன் ஏறுகிறதே, அதில் எவ்வளவு சினைப்பையிலிருந்து வருகிறது, எவ்வளவு சிறுநீரகத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிறது? நீர்க்கட்டிக்காரிகள் கொட்டிக் கிடக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவள் வேண்டும், ‘கண்ட்ரோல்’ என்போம், அப்படிப் பதினாறு பேருக்கு மேல் கிடைக்கவில்லை. சுகமாக இருக்கும் பொம்பளைக்கு இந்த மாவட்டத்தில் அவ்வளவு பஞ்சம்.

‘உங்க ஊர்ல ஆளே இல்லையாம்மா? சொந்தக்காரங்க?’ என்றார் சார். நான் ஆய்வு மாணவியா, ஆள் பிடிக்கிற புரோக்கரா?

பிப்ரவரி 9 – மாரண்டஹள்ளி

ஆள் பிடித்துவிட்டேன். வெளியே அலையவே வேண்டாம், வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். என் அண்ணி கலைமதி.

அண்ணியைப் பார்த்தாலே எனக்கு எரியும். உருண்டை முகம், பளபளவென்று கன்னம், கையில் எந்நேரமும் செல்போன், அதில் யாரோ ஆடிக்கொண்டிருப்பார்கள். அம்மாவுக்கு அந்த முகத்தில் அப்படியொரு பெருமை. ‘வந்தப்ப குச்சியாட்டம் இருந்தா. நம்ம வூட்டுச் சோறு தின்னு எப்படி ஆயிட்டா பாரு. நீ ஏன்டி படிச்சுப் படிச்சுக் காஞ்சு போற?’

சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் கேள்விகளைக் கேட்டேன். மாதவிலக்கு ஒழுங்கு. சர்க்கரை இல்லை. ‘ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா அண்ணி?’ முருகேஷ் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ‘அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க பாப்பா’ என்றாள்.

இந்த ஊர்ப் பெண்கள் கூசாமல் பொய் சொல்வார்கள். அதனால் கொஞ்சம் மிரட்டியே வைத்தேன். ஒரு மாதவிலக்குச் சுற்றில் இரண்டு தடவை ரத்தம் எடுப்பேன், அது முடிகிற வரைக்கும் தலைவலி மாத்திரைகூடக் கூடாது, ஏமாற்றினால் மெஷின் காட்டிக்கொடுத்துவிடும் என்று.

‘காட்டிக் குடுத்துட்டா உங்க பட்டம் போயிருமா?’ என்றாள்.

‘போயிரும்’ என்றேன். முகம் வெளுத்துவிட்டது. பயப்படட்டும், அப்போதுதான் வேலை ஒழுங்காக நடக்கும்.

பிப்ரவரி 17

அண்ணிக்கு முதல் ரத்தம் எடுத்தாகிவிட்டது. கண்ட்ரோல் எண் பதினேழு. ஊசி பட்ட இடம் மட்டுமில்லை, கட்டிய பட்டை பட்ட இடமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. மகாராணிக்குத் தோல்கூட அவ்வளவு நைஸ்.

பிப்ரவரி 26

ஆண் ஹார்மோன் முடிவுகள் வந்தன. சார் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். பதினேழாம் எண்ணுக்கு அளவு அடிமட்டத்தில் கிடக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் பிடித்த இன்னும் ஆறு பேருக்கும் அப்படியே. ‘இவ்வளவு சுத்தமான கண்ட்ரோல் என் சர்வீஸ்ல பாத்ததில்லம்மா!’ நோயாளிகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் என்று தெரிகிறது. இப்படி வந்தால் வெளிநாட்டுப் பத்திரிகையே எடுத்துக்கொள்ளும். எல்லாருக்கும் சமோசா வாங்கிக்கொடுத்தார். காசு என்னுடையது.

அட்ரினல் சுரக்கும் இன்னொரு ஹார்மோன் கார்டிசால், அதைப் பார்க்கிற கிட் மட்டும் இன்னும் வரவில்லை. ஆபீஸில் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவாம்.

மார்ச் 2 – மாரண்டஹள்ளி

ஊருக்கு வந்தால் அண்ணி படுத்துக் கிடக்கிறாள். உடம்பெல்லாம் அசதியாம், தலை சுற்றுகிறதாம், சாப்பிட்டால் குமட்டுகிறதாம். தக்காளி மண்டிக்கு வேலைக்குப் போயே நாலு நாளாயிற்று. அம்மா பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு தடவை ரத்தம் கொடுத்ததற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? சோம்பேறிக்கு நல்ல சாக்கு கிடைத்துவிட்டது.

‘ரெண்டாவது ரத்தம் எப்பங்க பாப்பா?’

‘வர்ற ஞாயித்துக்கிழமை.’

‘அது வரைக்கும் தாங்கிக்கறேன்.’

எந்த சீரியலில் பார்த்தாளோ இந்த வசனத்தை.

மார்ச் 6

கிட் வந்துவிட்டது. அட, கையெழுத்துப் போடுகிறவர் உயிரோடுதான் இருக்கிறார்.

மார்ச் 8

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்.

இன்று மகளிர் தினம். எல்லாரும் ரோஸ் கலர் புடவை, கேக், மியூசிக்கல் சேர். ‘பெண்ணின் ஹார்மோனே தியாக ஹார்மோன்’ என்று சார் பேச ஆரம்பித்ததும் நழுவி வந்து கார்டிசால் போட்டேன்.

பதினேழு – 0.8.

கிட் கோளாறு என்று நினைத்து மறுபடி போட்டேன். 0.7. காலை எட்டு மணி ரத்தத்தில் பத்துக்கு மேல் இருக்க வேண்டியது. இந்த அளவோடு ஒருத்தி நடமாடுவதே பெரிது. ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ரத்த அழுத்தம் விழுந்து செத்தே போவாள்.

அப்போதுதான் உறைத்தது. உருண்டை முகம். தொட்டால் நீலம் பாரிக்கிற தோல். ஸ்டீராய்டு மாத்திரை நாள்பட்டுச் சாப்பிட்டவளின் முகம் அது, பாடப்புத்தகத்தில் முதல் படமே அதுதான். அந்தக் கேள்விக்கு முழு மார்க் வாங்கியவள் நான்! அதைப் பார்த்து அம்மா எங்க வீட்டுச் சோறு என்றாள், அளவைப் பார்த்து சார் சுத்தமான கண்ட்ரோல் என்றார், நான் பொறாமைப்பட்டேன். தூ.

வீட்டுக்குப் போன் போட்டேன். ‘நேத்திலிருந்து காய்ச்சல், வாந்தி. கூப்ட்டா ஊங்கறா, கண்ணு சொருகுது. மந்திரிக்கப் போலாம்னு...’ என்று அம்மா இழுத்தாள். மந்திரிக்கிறாளாம்! 108-க்குக் கூப்பிடு, இப்பவே கூப்பிடு என்று கத்தினேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது, பாக்கட்டும், போ.

அய்யோ, இந்த பஸ் ஏன் இப்படி நின்னு நின்னு போவுது.

மார்ச் 9 – அரசு ஆஸ்பத்திரி

உயிரோடு இருக்கிறாள்.

ட்யூட்டி டாக்டர் சின்னப் பெண். நான் வழியிலேயே போனில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு ஊசியும் மருந்தும் தயாராக வைத்திருந்தார். ஹைட்ரோகார்டிசோன் ஊசி, சலைன். சாயங்காலம் அண்ணி டீ கேட்டாள். நான் வெளியே போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

‘என்ன மாத்திரை சாப்ட்டீங்க? யார் குடுத்தா?’ என்று டாக்டர் கேட்டார். அண்ணி அண்ணனைப் பார்த்தாள். அண்ணனுக்கு அந்த நேரம் பார்த்துச் செல்போனில் ஏதோ அவசரம்.

பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் வந்தது. ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ரூம் போட்டிருக்கிறானே தர்மன், படிக்காமலே டாக்டர் ஆனவன், அவன் பேப்பரில் மடித்துக் கொடுக்கும் ‘சதை போடற மாத்திரை’. பையன் பிறந்த பிறகு அண்ணி இன்னும் இளைத்துப்போனாளாம். கல்யாணம் காட்சிக்கு அவளோடு போக என் அண்ணனுக்குக் கூச்சமாக இருந்ததாம். அதனால் மூன்று வருஷமாக இவனே வாங்கிவந்து தந்திருக்கிறான். கட்டினவளை பலூன் மாதிரி ஊதிப் பார்த்த மகராசன்.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு கொட்டிக்கொண்டே இருந்தால், போதும் என்று மூளை அட்ரினலுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். சுரப்பி சுருங்கித் தூங்கிவிடும், அது தரும் ஆண் ஹார்மோனும் கூடவே விழும், சார் எழுந்து நின்ற ‘சுத்தம்’ இதுதான். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அதை எழுப்ப ஆளில்லை. நிறுத்தச் சொன்னது நான்.

மார்ச் 11

அண்ணிக்குக் கஞ்சி ஊட்டும்போது கேட்டேன். அன்றைக்கு ஏன் மறைத்தீர்கள், மறைத்தது சரி, அப்புறம் ஏன் நிறுத்தினீர்கள் என்று.

‘ஏமாத்தினா உங்க பட்டம் போயிரும்னு சொன்னீங்களே பாப்பா. சாப்படறேன்னு சொன்னா அத்தை முன்னாடி அவருக்கு அசிங்கம். சாப்ட்டுக்கிட்டே ரத்தம் குடுத்தா உங்க படிப்பு கெட்டுரும். அதான் நிறுத்திட்டேன். படுத்துட்டேன்னா ரெண்டாவது ரத்தம் எடுக்காம போயிருவீங்களோன்னுதான் பயமா இருந்துச்சு.’

பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 17

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, ‘பதினேழை எடுத்துரு. மத்த ஆறு இருக்கட்டும். கார்டிசால் நம்ம ஆய்வோட நோக்கமே இல்லையேம்மா’ என்றார்.

‘அந்த ஆறு பேருக்கும் கார்டிசால் இல்ல சார். அதே தர்மன்தான்.’

‘அது பேப்பர் படிக்கறவனுக்குத் தெரியுமா?’

இந்த வாய்தான் மகளிர் தினத்தில் தியாகம் பேசியது. ஆறு பேரையும் ஏற்கெனவே வீடு தேடிப் போய்ப் பார்த்துவிட்டேன், யாரும் திடீரென்று நிறுத்தக் கூடாது, ஆஸ்பத்திரியில் காட்டிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன், நெறிமுறைக் குழுவுக்கும் எழுதிவிட்டேன் என்றேன். அந்த ஆறில் ஒருத்தி, ‘நான் சதை போட்டா உனக்கு என்னா வயித்தெரிச்சல்?’ என்று என்னைத் துரத்தியதைச் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து அவளே ஆஸ்பத்திரிக்கு வந்தாள், அது போதும்.

வேறு கைடைப் பார்த்துக்கொள், முதலிலிருந்து ஆரம்பி, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போ என்றார். திறந்து போட்டுவிட்டு வந்தேன்.

மே 25 – மாரண்டஹள்ளி

அண்ணிக்கு டாக்டர் கொடுக்கும் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். முகம் வடிந்துவிட்டது. கன்ன எலும்பு தெரிகிறது. கண் பெரிசாக, யாரோ புது ஆள் மாதிரி இருக்கிறாள்.

இன்று சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் சொல்கிறான்: ‘பழையபடி குச்சி ஆயிட்டா. அந்த தர்மன் மாத்திரைய பாதியா உடைச்சுப் போட்டா என்னவாம்?’

நீயெல்லாம் மனுசனாடா? பொண்டாட்டி செத்துப் பொழச்சு வந்துருக்கா, உனக்குக் கன்னம் வேணுமா? போய் ஜவுளிக்கடை பொம்மையக் கட்டிக்கோ! தட்டை நகர்த்திவிட்டுக் கத்தினேன். அம்மா என்னைத்தான் அடக்கினாள். ஆம்பளை ஆசையாகச் சொல்லிவிட்டானாம்.

அண்ணி அவனுக்கு ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 4

அண்ணி பையனைக் கூட்டிக்கொண்டு அரூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மாத்திரையை மறக்காமல் எடுத்துப் போயிருக்கிறாள்.

நவம்பர் 16

முந்தாநாள் முதல் பஸ்ஸில் அரூர் போய் அண்ணிக்கு ரத்தம் எடுத்துவந்தேன். டாக்டர் சொன்னபடி ஒரு நாள் முன்பே மாத்திரையை நிறுத்தியிருந்தாள், இந்தத் தடவை அவருக்கும் எனக்கும் தெரிந்து. புது கைடு மெஷினைத் தந்தார், ஒன்றும் கேட்கவில்லை. 13.4. மறுபடி போட்டேன், அதேதான்.

போனில் சொன்னேன். மூளை சொல்வது சுரப்பிக்கு மறுபடி கேட்கிறது, இனி அது தானே வேலை செய்யும், மாத்திரையை விட்டுவிடலாமா என்று டாக்டர் பார்த்துச் சொல்வார் என்று. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள்.

‘நான் சேந்த துணிக்கடையில சம்பளம் ஏத்திருக்காங்க பாப்பா. பையனை இங்கயே ஸ்கூல்ல போட்டுட்டேன்’ என்றாள்.

சாயங்காலம் அண்ணன் கூப்பிட்டான். அம்மா சொல்லியிருப்பாள் போல. ‘அதான் சரியாயிருச்சாமே. எப்ப வருவான்னு கேட்டுச் சொல்லு.’

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை.