சங்கிலி வண்டியின் கடைசி நான்கு பக்கங்கள்

மார்ச் 3

அன்புள்ள அண்ணிக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை நீங்கள் காதில் போட்டுக்கொள்ளப் போவதில்லை, தெரியும். எனக்கு வழக்கமான இருமல்தான். உங்கள் மகள் பின்னி அனுப்பிய கம்பளிச் சட்டை ஒரு சுற்றுப் பெரியது. போனில் கேட்டால், “சித்தப்பா இன்னும் குண்டாத்தான் இருக்கார்னு நினைச்சிட்டேன்” என்கிறாள்.

ஒரு செய்தி. ராணுவ அருங்காட்சியகத்தில், அண்ணனும் நானும் போன நம் சங்கிலி வண்டியைத் துரு நீக்கிப் பெயின்ட் அடித்து வைக்கப் போகிறார்கள். கண்ணிவெடி அகற்றிய வண்டிகளின் வரலாறு என்று ஒரு சிறு புத்தகமும் வருகிறது. அந்த வண்டியில் போனவர்களில் மிச்சமிருப்பது நான் ஒருவன் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள்.

ஆட்கள் குப்புறப் படுத்துக் கம்பியால் மண்ணைக் குத்திக்கொண்டே ஊர்ந்து போன நாளிலிருந்து தொடங்கியிருக்கிறேன். ஒரு வயலைக் கடக்க ஒரு பகல் ஆகும். அப்புறம் கவச வண்டிக்கு முன்னால் கனத்த இரும்பு உருளைகளைக் கட்டிப் பார்த்தார்கள். ஈர மண்ணில் புதைந்து நின்றுவிட்டன. பிறகு கலப்பை மாதிரி கத்திகள். வெடியைத் தோண்டி ஓரமாகத் தள்ளும், ஆனால் கல் நிலத்தில் வளைந்துபோகும். அதற்கப்புறம்தான் நம் வண்டி. முன்னால் சுழலும் உருளை, அதில் நாற்பது சங்கிலி, ஒவ்வொன்றின் நுனியிலும் இரும்புக் குண்டு. நிலத்தை அடித்தே வெடிக்க வைக்கும். “மாமியார் கோபத்துல துணி துவைக்கிற மாதிரி இருக்குடா” என்பார் அண்ணன்.

அவர் போய் இருபத்து மூன்று வருடம். அவர் ஒரு நோட்டு எழுதிவந்தாரே, அதன் கடைசி நான்கு பக்கங்கள் மட்டும் கிடைத்தால் புத்தகத்துக்கு உதவும். முழு நோட்டு வேண்டாம், தபாலில் தொலைந்தால் என் மனசு கேட்காது.

அண்ணன் வைத்த பெயரிலேயே,
உங்கள் தம்பி கரிமூஞ்சி


மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் என் பேச்சையும் கேட்பதில்லை, டாக்டர் பேச்சையும் கேட்பதில்லை. சட்டையை அனுப்பு, பிடித்துத் தைத்துத் தருகிறேன். இருமலை இப்படியே வளர்த்துக்கொண்டிருக்காதே.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். துணி ஆலையில் நான் பார்ப்பது தரம் பார்க்கும் வேலை என்று உனக்குத் தெரியும். சட்டையைக் கையில் எடுத்தால் எங்கே தையல் விட்டிருக்கிறது என்றுதான் கண் போகும். கடிதத்தையும் அப்படித்தான் பார்க்க வருகிறது.

அவருடைய சாமான்கள் வந்த டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டு இருந்தது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. மகளுக்குக்கூடத் தெரியாது. அவர் எழுதியதை நீ பார்த்திருக்கலாம், சரி. கடைசி நான்கு பக்கம் என்று எண்ணிக் கேட்கிறாயே, அது எப்படி? இவ்வளவு வருடம் கேட்காதவன் இப்போது ஏன் கேட்கிறாய்?

போனில் கேட்டால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாய். அதனால் எழுதியே கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 17

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் ஏதேதோ நினைக்கிறீர்கள். கடைசிப் பக்கம் என்றால் கடைசி வாரம் என்று அர்த்தம், ஒரு கணக்குக்கு நான்கு என்று எழுதினேன். நோட்டு கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

புத்தகம் வளர்கிறது. நான் உட்கார்ந்திருந்த பெட்டியைப் பற்றி எழுதி முடித்தேன். உங்களுக்கு அது தெரியாது. சங்கிலியைச் சுற்றும் எஞ்சின் தனி. அதை வண்டியின் வலப்பக்கத்தில், வெளியே, ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அதன் கூடவே ஓர் ஆள். அது நான். ஜன்னல் கிடையாது. சங்கிலி கிளப்பும் புழுதியும் எஞ்சின் புகையும் உள்ளேயே வரும். இறங்கும்போது பல் மட்டும்தான் வெள்ளையாக இருக்கும், அதனால்தான் அந்தப் பெயர்.

அண்ணனுக்கும் எதிரே ஒன்றும் தெரியாது. திசைகாட்டியைப் பார்த்து, ஆள் நடக்கிறதைவிட மெதுவாக ஓட்டுவார்.

வண்டிக்கு முன்னால் வைக்கும் பலகையில் ராணுவ அறிக்கையில் இருப்பதையே போடுகிறார்களாம்: “தடத்தை அடையாளம் காட்டக் கொடி நட இறங்கிய ஓட்டுநர், சுத்தம் செய்த பாதையை விட்டு விலகி நடந்ததால் உயிரிழந்தார்.” உங்களுக்குச் சம்மதம்தானே?

கரிமூஞ்சி


மார்ச் 24

தம்பி,

எனக்குச் சம்மதமில்லை.

நோட்டை எடுத்தேன். இத்தனை நாள் அதைத் திறந்தால் அவர் கையெழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன், என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்ததில்லை. பாதிக்கு மேல் அறுந்த சங்கிலி எத்தனை, மாற்றியது எத்தனை என்று இருக்கும். இந்த முறை பூதக்கண்ணாடி வைத்து வாசித்தேன். கடைசி நான்கு பக்கங்களை அப்படியே எழுதி அனுப்புகிறேன் என்று நினைக்காதே. இரண்டு வரி போதும்.

“பெட்டி எஞ்சின் சூட்டில் தானாக நிற்கிறது. நேற்று இரண்டு முறை.”

“என் கையிலிருந்து பெட்டிக்குக் கயிறு கட்டியாயிற்று. எஞ்சின் நின்றால் கரிமூஞ்சி இழுப்பான், நான் வண்டியை நிறுத்துவேன்.”

இதற்கு மறுநாள்தான் அவர் போனார்.

இன்னொன்றும் சொல்கிறேன். அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கியவர் அடுத்த வருடம் என்னைத் தேடி வந்தார். தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. “அம்மா, அவர் தடத்தை விட்டு விலகலை. வண்டியோட ரெண்டு சக்கரத் தடத்துக்கும் நட்ட நடுவுலதான் கெடந்தாரு. என் கண்ணால பார்த்தேன்” என்றார். நட்ட நடுவில் எப்படி வெடி இருக்கும் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பின் உன்னைப் பார்க்கும்போதெல்லாம் இதைக் கேட்க வாய் வரும். நீ மகளுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பாய், இல்லையென்றால் கூரை ஓடு மாற்றிக்கொண்டிருப்பாய். விழுங்கிவிடுவேன். கூடப் பிறந்தவன்கூட இல்லையே, இவன் ஏன் நமக்கு இவ்வளவு செய்கிறான் என்ற கேள்வியையும் சேர்த்துத்தான் விழுங்கினேன்.

இப்போது கேட்கிறேன். அன்றைக்குக் கயிற்றை இழுத்தாயா?

அண்ணி


ஏப்ரல் 6

தம்பி,

இரண்டு வாரம் ஆகிறது. உன் பக்கத்து வீட்டுக்காரர் நீ நன்றாக நடமாடுகிறாய் என்று சொன்னார். அப்படியானால் கடிதம் கிடைத்திருக்கிறது.


ஏப்ரல் 13

அண்ணி,

இழுக்கவில்லை.

பாதி வயல் தாண்டியிருந்தோம். எதிர்ப்பக்கத்திலிருந்து சுட ஆரம்பித்துவிட்டார்கள். பெட்டியின் தகட்டில் சில்லுகள் விழும் சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் எஞ்சின் நின்றது. கயிறு என் மடியில் கிடந்தது. இழுத்தால் வண்டி நிற்கும், நின்ற வண்டியைக் குறி வைப்பது சுலபம். என் பெட்டியின் தகடு அண்ணன் பக்கத்துத் தகட்டில் பாதிக் கனம்கூட இல்லை. பயந்துவிட்டேன். எஞ்சினைத் திரும்பக் கிளப்பினேன். பத்து எண்ணுவதற்குள் சங்கிலி சுழன்றது. அதற்குள் வண்டி பதினைந்து அடி போயிருக்கும். சக்கரம் எதன்மேலும் ஏறவில்லை, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

சுடுவது ஓய்ந்து மறுகரை சேர்ந்ததும் அண்ணன் என் பெட்டியைத் தட்டினார். “எல்லாம் சரியாடா?” என்றார். “சரிண்ணே” என்றேன். “அப்ப நான் கொடி நட்டுட்டு வரேன். நீ மூச்சு விடு” என்று சொல்லிவிட்டு வந்த வழியே, தடத்தின் நடுவில் நடந்தார். கூப்பிட்டிருக்கலாம். வாயைத் திறந்தேன், இருமல்தான் வந்தது என்று எனக்கே பல வருடம் சொல்லிக்கொண்டேன். பொய். எஞ்சின் எங்கே நின்றது என்று சரியாகத் தெரியாது, ஒன்றும் இருக்காது என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

விசாரணையில் அதிகாரி, “அடிக்காத இடம் ஏதாவது உண்டா?” என்று கேட்டார். இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அவர் விலகி நடந்தார் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

டிரங்குப் பெட்டியை அடுக்கியது நான்தான். நோட்டை அன்றே படித்தேன். கிழிக்க மனசு வரவில்லை. இப்போது அருங்காட்சியகத்துக்காரர் பழைய ஒர்க்‌ஷாப் தாள் ஒன்றைக் காட்டி, இந்த எஞ்சின் கோளாறு பற்றி வேறு எழுத்து ஏதாவது இருக்குமா என்று கேட்டார். உங்களிடம் வாங்கிக் கிழித்துப் போடத்தான் கேட்டேன்.

இதையெல்லாம் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டேன். பலகையை மாற்றச் சொல்லிவிட்டேன்.




மே 22

ஐயா,

போன செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்குப் போனேன். பலகையை மாற்றியிருக்கிறார்கள். எஞ்சின் நின்றது, சைகை தரப்படவில்லை, தடத்தில் ஒரு பகுதி அடிபடாமல் போனது என்று இருக்கிறது. கீழே உங்கள் வாக்குமூலம் என்று போட்டிருக்கிறார்கள். ஓட்டுநர் தடத்திலேயே நடந்தார் என்று இருக்கிறது. அந்த வரியை விரலால் தொட்டுப் படித்தேன்.

காவலாளியிடம் கேட்டு உங்கள் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்தேன். முழங்காலை மடக்க முடியவில்லை. மூடச் சொன்னேன். எஞ்சின் ஓடவில்லை, புழுதி இல்லை, யாரும் சுடவில்லை. அப்படியும் கொஞ்ச நேரத்தில் திறக்கச் சொல்லித் தட்டிவிட்டேன். இருபது வயதில் அதற்குள் உட்கார்ந்தவர் பயந்ததை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஆனால் மறுகரை சேர்ந்து, அவர் பெட்டியைத் தட்டிக் கேட்ட பிறகும், “சரிண்ணே” என்றீர்களே. அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஒவ்வொரு நாளும் முயன்று பார்க்கிறேன். அவர் கவனமில்லாமல் போய்ச் சேர்ந்தார் என்று மாமனார் சாகும்வரை சொன்னார். மகள் பள்ளியில் அதையே கட்டுரையாக எழுதினாள். அதைத் திருத்திக் கொடுத்தவர் நீங்கள்.

நீங்கள் அனுப்பியிருந்த சட்டையைப் பிடித்துத் தைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

மகளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் பிறந்த பிறகு உங்களைப் பார்க்காத மாதமே இல்லை, அதை என் வாயால் கெடுக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை உண்டு என்பது மட்டும் எனக்குத் தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ரயிலில் அங்கே வருகிறாள். சித்தப்பா உன்னிடம் ஏதோ பேச வேண்டுமாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நோட்டு அவள் பையில் இருக்கிறது.

இப்படிக்கு,
சங்கிலி வண்டி ஓட்டுநரின் மனைவி