காட்டிக்கொடுக்கும் சொல்

ஐப்பசி 12, செவ்வாய்

நண்டு கம்பெனியில் இன்றும் கெட்டுப்போன சதையை நல்லதோடு கலந்து டப்பாவில் அடைத்தார்கள். இராமநாதபுரத்து உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன். கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதியது. சாப்பாட்டு வேளையில் அதைச் செல்வியிடம் காட்டினேன். என் பக்கத்தில் உட்கார்ந்து நண்டு உடைக்கிறவள், எல்லாம் தெரிந்தவள்.

"அக்கா, 'வெளியில் யாரோடும் கதைக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் மிரட்டினார்'னு எழுதிருக்கீக. இங்கன யாரு கதைக்கிறா? நாங்க பேசத்தானே செய்வோம்?"

கதைப்பது எங்கள் இலங்கைப் பேச்சு. மண்டபம் அகதி முகாமிலிருந்து அங்கே வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். அதற்குப் பேசாமல் பெயரையே போட்டிருக்கலாம். வேலை போனால் போகட்டும். முகாமுக்கு வந்து விசாரித்தால்...

"அப்ப விட்டுருவமா?" என்றாள்.

"விடமாட்டேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அதை அடுப்பில் போட்டுவிட்டு, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் புதிதாக எழுதினேன். மறுபடியும் இடது கைதான். விரல் இன்னும் வலிக்கிறது. நாளை இராமநாதபுரம் போய், அங்கே தபால் பெட்டியில் போடுவேன்.

யாரோடும் கதைக்கக் கூடாது என்றார்கள். சரி. கதைக்கவில்லை, பேசிவிட்டேன்.